ஒரு நூல் தள்ளி

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் தேவலை, காகிதம் பறக்கிறது. நீங்கள் ஐந்து பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் ஒருவனை விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக இணையத்திலேயே மல்லுக்கட்டினோம். இன்றைக்குத்தான் நேரில் பார்த்துக்கொள்கிறோம்.

நம் ஓவியப் பாடத் தொகுப்பு எதற்கு ஆரம்பித்தது என்று உங்களுக்கே தெரியும். தனக்கு வரையத் தெரிந்த ஒன்றை யார் வேண்டுமானாலும் படிப்படியாக எழுதி வைக்கலாம். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். நர்ஸம்மா பச்சைக்குழந்தையின் கையை எழுதினார், தையல்காரர் துணி மடிப்பை எழுதினார். நான் முட்டையை எழுதினேன், நாற்பத்தொரு படிகளில். ஆபீசில் நான் விண்ணப்பப் படிவம் சரிபார்க்கிறவன். அதனால் திருத்துகிற வேலை தானாக என் தலையில் விழுந்தது. விழவில்லை, நீங்களாகத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள் என்று நர்ஸம்மா சொல்வார். அவருக்கு என் மேல் பழைய கோபம். அவர் எழுதிய கைக்கு ஆறு விரல் இருந்தது. "நான் பார்த்த குழந்தைக்கு ஆறுதான் சார்" என்று சண்டைக்கு வந்தார். ஐந்தாக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அவர் எழுதியது ஒரே ஒரு பாடம், பதினேழு படி. தலைப்பு, 'என் வீட்டுக்காரி முகம்'. காரணத்தை அவரே மேலே எழுதியிருந்தார். மனைவி போய் இரண்டு வருஷம். இருந்தவரை கேமராவைக் கண்டாலே கையால் மூஞ்சியை மூடிக்கொள்வாராம், உருப்படியாக ஒரு போட்டோ கிடையாது. இவருக்கோ மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'முகம் மறந்துபோறதுக்குள்ள எழுதி வச்சிடறேன். அப்புறம் இதைப் பார்த்து நானே தினம் போர்டுல சாக்பீஸால வரைஞ்சுக்குவேன். சாயங்காலம் துடைச்சிடுவேன். படமா நின்னா அவளுக்குப் பிடிக்காது.'

உருக்கமாகத்தான் இருந்தது. நானும் மனுஷன்தானே.

ஆனால் பாடத்தைப் பாருங்கள். 'இடது கண் ஒரு நூல் கீழே. மூக்கு ஒரு நூல் வலப்பக்கம் தள்ளி. சிரிச்சா மேலுதடு அரை நூல் தூக்கும்.' எங்கே பார்த்தாலும் நூல். கீழே ஒரு வாசகர், நூல் எந்தக் கலரில் வாங்க வேண்டும், பருத்தியா நைலானா என்று கேட்டிருந்தார். பொருள் பட்டியலில் இல்லாத பொருள் பாடத்துக்குள் வரக்கூடாது என்பது நம் விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான். ஒரே மூச்சில் எல்லா நூலையும் எடுத்தேன்.

நூல் என்பது அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். என் மச்சான் தச்சு வேலை செய்கிறவர், வாயைத் திறந்தால் நூல்தான். மூன்று மில்லிமீட்டர் என்று மாற்றிப் போட்டிருக்கலாமே என்று தையல்காரர் கேட்கிறார். நியாயமான கேள்வி. போட்டு, ஒரு தடவை வரைந்தும் பார்த்தேன். முகம் கோணலாக வந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கோணல் முகத்தையா கொடுப்பது? கண்களை ஒரே கோட்டில் வைத்தேன், மூக்கை நடுவில் நிறுத்தினேன், உதட்டை இறக்கினேன். இரண்டு பதிப்பு இருந்தால் குழப்பம் என்று பழையதைச் சுத்தமாக அழித்தேன்.

பொறாமை என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்தார், காதில் விழுந்தது. அந்தப் பாடத்தை அதுவரை ஆறாயிரத்து நானூறு பேர் பார்த்திருந்தார்கள். என் முட்டையை முப்பத்தெட்டு பேர். அதில் பாதி நான். தகவலுக்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து அவருடைய மகள் போன் செய்தாள். நேரில் வரச் சொன்னாள், போனேன். முன்னறையில் கரும்பலகை. அவர் போனில் பாடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் விரலால் தொட்டுத் தொட்டு வரைந்துகொண்டிருந்தார். நல்ல சமச்சீரான முகம். முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சார், இந்தம்மா யாருன்னு தெரியுமா? தினம் இவங்கதான் வர்றாங்க. என் வீட்டுக்காரியைக் காணோம். கோவிச்சுக்கிட்டாளா என்னன்னு தெரியல."

மகள் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனாள். "அம்மா முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். ஆனா எனக்கு வரையவும் வராது, அப்பா மாதிரி அளந்து சொல்லவும் வராது. பழைய பாடத்தைக் குடுத்துடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்."

அழிந்துபோனது வராதும்மா என்று பக்குவமாகச் சொன்னேன். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு டம்ளர் தண்ணீர் நானே எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு கடிதம். அதைத்தான் நீங்கள் குற்றச்சாட்டு என்று எதிரில் வைத்திருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அவர் இப்போதெல்லாம் தேடுவதில்லையாம். பலகையில் இருக்கிற முகத்தைப் பார்த்து 'வாடி' என்கிறாராம், நாளெல்லாம் அதோடு பேசுகிறாராம். அது அம்மா இல்லை என்று மகள் சொன்னதற்கு, பெத்த தாயை அடையாளம் தெரியாதவளுக்கு என் வீட்டில் என்ன வேலை என்று வெளியே போகச் சொல்லிவிட்டாராம். ஒரு திருத்தத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்? அவளும் கொஞ்ச நாளில் பழகிக்கொள்வாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தான் என்று பின்னால் பேச்சு வரக்கூடாது. பழைய பாடம் அழிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னது பொய். அழிப்பதற்கு முன் பதினேழு படியையும் அச்செடுத்துப் பீரோவில் வைத்தேன், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அன்றைக்கு அவள் அழுதபோதே கொடுத்திருக்கலாம். இன்றைக்கும் கொடுக்கலாம், இங்கிருந்து அரைமணி நேர நடைதான். ஆனால் மூக்கு கோணலாக ஒரு பாடம் என் கையிலிருந்து வெளியே போனது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.