நூத்திப் பன்னெண்டாம் பக்கம்

...ஏன் சார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா? இந்தப் பதிப்பகத்துல எடிட்டிங்குன்னா ஒண்ணு இல்ல, மூணு தினுசு! உங்க பையில இருக்கிறதும் புஸ்தகம்தானே? அப்ப கேட்டுக்குங்க. மொத தினுசு, எந்த அத்தியாயம் எங்க வரணும், எது வேணாம்னு புஸ்தகத்தையே பிரிச்சு மேய்வாங்க. ரெண்டாவது, வாக்கியம் வாக்கியமா உக்காந்து சரி பண்ணுவாங்க. மூணாவது, அச்சுப்பிழை மட்டும். அதோட சரி.

நான் எழுதினது என் வாழ்க்கை வரலாறு. நானூறு பக்கம்! உள்ள இருக்காங்களே எடிட்டர், கண்ணாடிக்காரம்மா, படிச்சிட்டு, "நீங்க பொறக்கவே அம்பது பக்கம் ஆகுதே"ன்னாங்க. எனக்கு எப்படி இருக்கும்? ஏம்மா, என் வாழ்க்கை எனக்குத் தெரியாதா! ஒரு வரியத் தொடக்கூடாது, அச்சுப்பிழை மட்டும் பாருங்கன்னு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டேன்.

அங்கதான் சார் வினை. எழுதும்போது ஒரு இடத்துல கை நின்னுடுச்சு. மாமனாரப் பத்தி எழுதணும். அவர் வீட்டு மாடியிலதான் இருவது வருஷமா இருக்கோம், எழுதாம விட முடியுமா? "இங்க மாமனாரப் பத்தி நாலு நல்ல வார்த்தை போடணும். யோசிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணு கூட தேறல"ன்னு எனக்கு நானே குறிச்சு வெச்சேன். அது அப்படியே அச்சாயிடுச்சு! நூத்திப் பன்னெண்டாம் பக்கம்!

ப்ரூஃப் பாத்தவரு கேக்க வேணாமா? ...ம், கேட்டாரு. "இது இருக்கணுமா?"ன்னு ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்தாரு. இந்தாளு யாரு என்னக் கேள்வி கேக்கன்னு, எல்லாத்துக்கும் படிக்காமலே "இருக்கட்டும், இருக்கட்டும்"னு எழுதினது... சரி, நான்தான்.

நல்லவேளை, மாமனாரு பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு ரெண்டே பக்கம்தான் படிப்பாரு. நேத்துதான் நான் பொறந்திருக்கேன். அவரு அங்க வந்து சேர்றதுக்குள்ள அந்தத் தாள மாத்திக் குடுப்பாங்களான்னு கேக்கத்தான் வந்தேன்.

இருங்க, வீட்டுக்காரி போன். ...சொல்லு. ...என்னது, கடைசிப் பக்கமா? ஐயையோ, அந்தப் பட்டியல்! ஒண்ணுமில்ல சார், யாரப் பத்தி எந்தப் பக்கத்துல இருக்குன்னு பின்னாடி ஒரு பட்டியல். அது தனி வேலை, நானேதான் கேட்டுச் செய்யச் சொன்னேன்... பெரிய புஸ்தகம்னா இருக்கணும்ல! ...ஆங், சொல்லுடி. தன் பேரக் கண்டுபிடிச்சு, அந்தப் பக்கத்தப் படிச்சிட்டாரா? என்ன சொன்னாரு? ...மாடிச் சாவியக் கேக்குறாரா!

சார்... சார், பையத் தூக்கிட்டு எங்க? உள்ளயா? மூணு தினுசும் வேணும்னு சொல்லுங்க சார்!