பெரிய எழுத்து, சின்ன எழுத்து

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது நான் இடைவெளி விடுவதில்லை, மேடம். கல்லூரியில் வந்த பழக்கம். இடைவெளி இருந்தால் ஒரு கம்ப்யூட்டர் அதை ஒரு பெயராகப் படிக்கும், இன்னொன்று இரண்டு பெயராகப் படிக்கும். இடைவெளி வரும் இடத்தில் ஒரு கீழ்க்கோடு போட்டுவிட்டால் சுத்தமாக இருக்கும்.

வாக்குமூலத்துக்கு நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

என் சொந்த ஊர் மணலூர்பேட்டை. அப்பா கரும்பு போடுகிறார். நான் கள்ளக்குறிச்சியில் காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்வராயன் மலையில் காட்டு நிலத்தை உழுது வருகிறவர்களுக்கு உரிமைச் சான்று கொடுப்பதற்காக மனு வாங்கினார்கள். அந்த மனுக்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கீழே கள்ளக்குறிச்சியில் உள்ள அரசு அலுவலகத்தில் ஒப்படைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. மொத்தம் ஆயிரத்து நூற்று இருபத்தாறு மனுக்கள்.

வெள்ளிமலையில் முகாம் போட்டோம். அங்கே ஸ்கேன் செய்து, பெயர்களைக் கம்ப்யூட்டரில் தட்டியவள் எங்கள் நிறுவனத்து ஜெயசுதா. அந்தக் கம்ப்யூட்டரை இயக்கியது லினக்ஸ். கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் இருந்ததை இயக்கியது விண்டோஸ். இரண்டுக்கும் நடுவில், பைத்தான் என்ற நிரல் மொழியில் நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். மலையில் இருக்கும் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒவ்வொரு ஊரின் ஃபோல்டரையும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் எடுத்து அலுவலகக் கம்ப்யூட்டரில் அதே அமைப்பில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த ஸ்கிரிப்டைப் பற்றி நான் பெருமைப்படுகிறேன். இப்போதும். ஒரு இயந்திரத்தில் ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவே கோடு வலப்பக்கம் சாயும், இன்னொன்றில் இடப்பக்கம் சாயும். பலர் அந்தக் கோட்டைக் கையாலேயே போட்டு ஒட்டுவார்கள். நான் ஒட்டமாட்டேன். எந்த இயந்திரத்தில் ஓடுகிறோம் என்று பார்த்து மொழியே ஒட்டிக்கொள்ள விட்டுவிடுவேன். விண்டோஸ் ஏற்காத குறிகள் ஊர்ப் பெயரில் இருந்தால் அவற்றை மாற்றினேன். பெயரின் கடைசியில் புள்ளி இருந்தால் எடுத்தேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் அந்த ஸ்கிரிப்ட் இரண்டு பக்கமும் ஓடும். எல்லா இயந்திரத்தையும் ஒன்றுபோல நடத்துவதுதான் நல்ல நிரல். மனிதர்களிடமும் நான் அப்படித்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் விளக்க வேண்டும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. MARI என்று ஒரு ஃபைலும் mari என்று இன்னொரு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர். முதலாவது இருக்கும் இடத்தில் இரண்டாவதைக் கொண்டுபோய் வைத்தால், மேலே பெயர் MARI என்றே இருக்கும். உள்ளே இருக்கும் தாள் mari உடையதாகிவிடும். பழைய தாள் போய்விடும். சத்தம் வராது.

மலையில் ஆணுக்கும் மாரி, பெண்ணுக்கும் மாரி. காசியம்மாளைக் கேட்டாலும் "காசி" என்றுதான் சொல்கிறாள். ஒரே ஊரில் ஒரே முதலெழுத்தோடு ஒரு ஆண் மாரியும் ஒரு பெண் மாரியும் வந்தால் என்ன செய்வது? ஜெயசுதா ஒரு வழி கண்டுபிடித்தாள். முகாமுக்கு நான் போனபோது திரையைப் பார்த்துவிட்டு, இது என்ன அசிங்கம் என்று கேட்டேன்.

"அசிங்கம் இன்னா சார் இருக்குது இதுல? பெரிய எழுத்துல அடிச்சா ஆம்பள, சின்ன எழுத்துல அடிச்சா பொம்பள. பாத்தவுடனே தெரிஞ்சிடும்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"அதுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க சார். தெரிஞ்சிடும்."

முகாமில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் ஒன்றும் இல்லை.

அருவருப்பு இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்தத் தாள்களை நீங்கள் பார்த்ததில்லை, மேடம். கூரையில் செருகி வைத்திருந்தவை. அடுப்புப் புகை நாற்றம். புகையிலை மடித்து வைத்திருந்த தாளிலேயே மனு எழுதியிருந்தார்கள். ஒன்றைப் பிரித்தபோது உள்ளே நசுங்கிய கரப்பான் ஒட்டியிருந்தது. பெருவிரல் ரேகை வைத்த இடத்தில் மையோடு வேறு ஏதோவும் இருந்தது. நான் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஜெயசுதா வெறும் கையால் எடுத்தாள். அதே கையால் மதியம் சோறு பிசைந்தாள். நான் ஜீப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மார்ச் மாதம் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். இந்தப் பெயர்ச் சிக்கல் எனக்கு முன்பே தெரியும். இரண்டு வெற்று ஃபைல்களை வைத்துச் சோதித்தும் பார்த்திருந்தேன். அதற்காக மூன்று வரி எழுதியிருந்தேன்: அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் நில், என்னைக் கேள். ஓட்டினேன். நின்றது. கேட்டது.

முதலில் நின்றது ஒரு காசியில். ஆண் காசி, பெண் காசி, இரண்டையும் திறந்து பார்த்துப் பெயர் மாற்ற வேண்டும். ஆண் காசியைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே படம். வாயைத் திறந்தபடி எடுத்திருந்தார்கள். என் திரை பெரியது. பல் முழுக்கக் காவி, உதட்டோரம் எச்சில் காய்ந்த வெள்ளை. இப்படி எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு ஜோடி. எண்பத்திரண்டு வாய்.

படத்தை மூடினேன். அந்த மூன்று வரிகளை அழித்தேன். மறுபடி ஓட்டினேன். ஆறு நிமிடத்தில் முடிந்தது. 1126 ஃபைல்கள் நகலெடுக்கப்பட்டன, பிழை பூஜ்யம் என்று வந்தது. அது பொய் இல்லை. ஆயிரத்து நூற்று இருபத்தாறு முறை நகலெடுத்தது உண்மை. அதை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். பெரிய எழுத்து முதலில் போகும், சின்ன எழுத்து பின்னால் போகும். அதனால் நாற்பத்தொரு ஆண்களின் தாள் போய், அவர்கள் பெயருக்குள் நாற்பத்தொரு பெண்கள் உட்கார்ந்தார்கள்.

மூலத் தாள்கள் பதினான்கு மூட்டை. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த அறையில் நாற்றம் தாங்கவில்லை. ஜீப் ஓட்டும் அருள்மொழியிடம் பின்பக்கம் கொண்டுபோய் எரிக்கச் சொன்னேன்.

"சார், இது அவங்க தாளு சார்" என்றான்.

"ஸ்கேன் ஆயிடுச்சு."

"ஸ்கேன் ஆனா இன்னா சார்? ஆளப் போட்டா புடிச்சிட்டா ஆளக் கொளுத்திடுவீங்களா?"

அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். எரித்தான்.

ஆனால் மலையிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க் என்னிடம் இருந்தது. நகலெடுத்தால் மூலம் அழியாது. அதில் எல்லோரும் இருந்தார்கள், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்திருந்தேன்.

ஏப்ரலில் மனுதாரர் பட்டியலைப் படத்தோடு வெள்ளிமலையில் ஒட்டினார்கள். அதற்கடுத்த வாரம் மாரி என்று ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கச்சிராயபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். கால் அதைவிட மோசமாக இருந்தது.

"சார், எம் பேருல ஒரு பொம்பள போட்டா ஒட்டியிருக்குது சார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஊருல எல்லாம் என்ன மாரியாயின்னு கூப்புட்டுக்கினு இருக்கானுங்க. என் வூட்டுக்காரியே கூப்புடுறா."

மேலதிகாரிகளிடம் விசாரிக்கச் சொன்னேன். அவர்களைக் கேட்டதற்கு, என்னைக் கேட்கச் சொன்னார்களாம். எங்களிடம் ஒன்றும் இல்லை என்றேன். இழுப்பறை என் முட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டாம் முறை வந்தபோது வெயில். என்னைக் கேட்காமலேயே மேசையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அண்ணாந்துதான் குடித்தார், வாய் படவில்லை. இருந்தாலும் அவர் போனதும் அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. எனக்குச் சாதி பார்க்கும் பழக்கம் கிடையாது. யார் குடித்திருந்தாலும் போட்டிருப்பேன். எங்கள் மேலாளர் ஒருமுறை குடித்தார். அன்று போடவில்லை. அது வேறு பாட்டில்.

மூன்றாம் முறை அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணரை ஏக்கர் சார். சாமை போட்டிருக்கேன். சான்று இல்லன்னா பாரஸ்ட்டுக்காரங்க கல்லு நட்டு அடைச்சிடுவாங்களாம். மனுவோட வச்சுக் குடுத்த அந்தச் சீட்டையாவது குடுங்க சார். எங்க தாத்தன் காலத்துல, அப்போ மலைய ஆண்ட ஜாகிர் ஆளுங்க எழுதிக் குடுத்தது. அது ஒண்ணுதான் இருக்குது."

மேலதிகாரிகளிடம் இருக்கிறது, கிடைக்கும் என்றேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஈரக் கை. விசைப்பலகை மேலும் பட்டது. அவர் போனதும் சானிடைசர் போட்டு ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தேன். வெள்ளைப் பஞ்சு பழுப்பானது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் மாதம் வெள்ளிமலையில் விசாரணை. மண்டபம் நிறைய ஆட்கள். மனுவைத் திரையில் காட்டும் வேலை எனக்கு. லேப்டாப் மடியில். பை காலடியில். பைக்குள் அந்த ஹார்ட் டிஸ்க். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்கிறீர்கள். யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்றுதான். யாரும் கேட்கவில்லை.

வரிசை எண் அறுநூற்றுப் பன்னிரண்டு. MARI_S என்ற ஃபைலைத் திறந்தேன். பெயர் மாரி, பால் பெண் என்று விசாரித்த அதிகாரி வாசித்தார். மாரி எழுந்து நின்றார்.

"நான்தாங்க."

"படத்துல இருக்கறது நீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ நீங்க யாரு?"

பின்னாலிருந்து ஒருவன், "மாரியாயி, தலையச் சீவிக்கினு வந்திருக்கக் கூடாதா?" என்றான். மண்டபமே சிரித்தது. அடுத்த எண் என்று அதிகாரி சொன்னார்.

அந்த டிஸ்கைச் செருகித் திறக்கப் பதினைந்து நொடி ஆகும். நான் கணக்குப் போட்டேன்.

மாரி வேட்டியை அவிழ்த்தான். உள்ளே கோவணம்கூட இல்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமும் திரும்பி நின்றான். "பாத்துக்கினீங்களா?" என்றான். கத்தவில்லை. "பாத்துக்கினீங்கல்ல? எழுதிக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் துண்டைச் சுற்றி வெளியே கூட்டிப் போனார்கள். கிழட்டுத் தோல், நரைத்த மயிர், ஒரு பக்கம் தொங்கும் விரைவீக்கம். ஒரு மனிதனுக்கு இவ்வளவு கூச்சம் இல்லாமல் போகுமா என்றுதான் அப்போது நினைத்தேன்.

நபர் பொருந்தவில்லை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு மற்ற நாற்பது ஆண்களின் பெயரைக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில்தான் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சிக்கு வந்து அந்த டிஸ்கை ஃபார்மட் செய்தேன். ஒரு முறை செய்தால் மீட்டெடுக்கலாம். ஏழு முறை எழுதி அழித்தேன். பயத்தில் செய்தேன் என்று ஜெயசுதா உங்களிடம் சொல்லியிருப்பாள். பயம் இல்லை, மேடம். அதற்குள் அவர் முகம் இருந்தது. அதை நான் பையில் வைத்துச் சுமந்துகொண்டிருந்தேன். கை கழுவினேன், குளித்தேன், போகவில்லை. அழித்த பிறகுதான் அன்று சாப்பிட முடிந்தது.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். மார்ச்சில் செய்ததும் தெரிந்து, ஜூனில் செய்ததும் தெரிந்து. நாற்பத்தொரு பேரின் நிலத்துக்கு இப்போது கல் நட்டிருப்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெறுப்பில் செய்ததாக எழுதாதீர்கள். எனக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. சுத்தம் பார்ப்பவன், அவ்வளவுதான்.

இல்லை, டீ வேண்டாம். அந்தக் கிளாஸ் யார் குடித்ததோ.

மாரி காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவன் போன பிறகு என்னை அங்கே உட்கார வைப்பீர்கள் என்றால், முதலில் ஒருமுறை அதை டெட்டால் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள்.