டிஃபெண்டர் சேர்ந்த மில்கள்

பஸ்ஸின் பின்சீட்டில் ஜன்னலோரம் நான். பக்கத்தில் சோத்துப்பையோடு ஒருத்தர். அவருக்கு அந்தப்புறம் பந்துப்பையோடு ஒரு நெட்டையர். சிங்காநல்லூர் தாண்டியது.

"ஃபுட்பால் ஆடறவருங்களா?" என்றார் சோத்துப்பைக்காரர்.

"டிஃபெண்டருங்க. மில் டீமுக்கு ஆடுவேன். கடைசி டிவிசனுங்க."

"இப்ப எந்த மில்லுங்க?"

"நான் சேர்ற மில்லையெல்லாம் மூடிப்போடறாங்க."

சோத்துப்பைக்காரர் சிரித்தார். "கோலை உட்டுப்போட்டீங்களாட்ட இருக்குது."

"ஒரு கோலும் உடலீங்க. மேட்ச் ஜெயிச்ச மறுநாள் காலைல மில் சங்கு ஊதாதுங்க."

"இப்ப எங்க போறீங்க?"

"பல்லடம் பக்கத்துல புதுசா டீம் கட்டற மில்லுக்குங்க. இன்னைக்குச் சேரோணும்."

சிரிப்பு நின்றது.

"அங்கதானுங்க எனக்கு வேலை. பொண்ணை இப்பத்தான் காலேஜ்ல சேர்த்தேன்."

நெட்டையர் பந்துப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் எத்தனை மில்லு மூடியிருக்குதுங்க?" என்றார் சோத்துப்பைக்காரர்.

"உங்க மில்லோட எட்டுங்க."