பரீட்சைத் தலை

— எண்ணெயா? மாமி, இந்தத் தலையில எண்ணெயா தேய்ச்சு வெச்சிருக்கீங்க?

— ஏன் புள்ள காலங்காத்தால கத்துற. காஞ்சு போயி, தேங்கா நாரு மாதிரி கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. ரெண்டு கை வெச்சு வாரிப் பின்னி விட்டேன்.

— பாவமா? இது பொம்மை மாமி. முடி வெட்டிப் பழகுறதுக்கு காலேஜ்ல குடுத்த டம்மி. இதுக்குப் பசியா எடுக்குது, பாவம் பாக்குறதுக்கு?

— பொம்மைங்கிற. முடி மட்டும் நெசமான முடிங்கிற.

— முடி மட்டும்தான் நெசம்.

— அப்ப நெச முடிக்கு எண்ணெய் வெக்க வேணாமா?

— அல்லாவே. மாமி, கொஞ்சம் நில்லுங்க, அடுப்படிக்குப் போவாதீங்க. இன்னைக்குப் பத்து மணிக்குக் கும்மோணத்துல எனக்குப் பரீட்சை. கடைசிப் பரீட்சை. மெட்ராஸ்லேர்ந்து ஒரு மேடம் வர்றாங்க. அவங்க கண்ணு முன்னால இந்த முடிக்குக் கலர் போட்டு, அடுக்கடுக்கா வெட்டிக் காட்டணும். எண்ணெய் இருந்தா கலர் புடிக்காது. இத உங்ககிட்ட எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்.

— கழுவிட்டாப் போச்சு. இதுக்குப் போயி.

— கழுவிட்டுத்தானே வந்து நிக்கிறேன். விடியக்கால சுபுஹு தொழுதுட்டுப் பிடிச்ச வேலை. சோப்பு போட்டாச்சு, சீயக்காய் போட்டாச்சு. தண்ணி ஒட்டாம வழிஞ்சு ஓடுது. தேங்கா எண்ணெய்னா இந்நேரம் போயிருக்கும். என்ன எண்ணெய் இது, பிசுபிசுன்னு?

— விளக்கெண்ணெய்.

— விளக்கெண்ணெய்.

— தேங்கா எண்ணெய் தீந்து போச்சு.

— அலமாரியில முழு டின்னு இருக்கே மாமி.

— அது சமையலுக்குள்ளது.

— நான் எங்க போயி முட்டிக்கிறது? சரி, ஷாம்பு பாட்டில் எங்க? பெருசா ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேனே, பச்சைக் கலர்ல.

— அதுலயா? அதக் கழுவி வெந்தயம் போட்டு வெச்சிருக்கேன்.

— உள்ள இருந்த ஷாம்பு?

— முத்தத்துல பாசி பிடிச்சுக் கெடந்துச்சு. ஊத்தித் தேய்ச்சு விட்டேன். நல்லாப் போயிடுச்சு பாரு.

— நல்லாப் போயிடுச்சு. எல்லாமே நல்லாப் போயிடுச்சு. கடையும் இந்நேரம் தொறந்திருக்காது.

— கடலமாவு வேணா கரைச்சுத் தரட்டுமா? விளக்கெண்ணெய்ப் பிசுக்குக்கு அதுதான் கேக்கும்.

— கடலமாவு போட்டா அலசி எடுக்கவே மத்தியானம் ஆயிடும். அப்புறம் காய வெக்கணும். டிரையர் போடக் கரண்டும் இல்ல.

— மாடியில வெயில்ல வெச்சா?

— அன்னைக்கு ஜன்னல்ல வெச்சதுக்கே பால்காரரு கேன போட்டுட்டு ஓடுனாரு. மாடியில வெச்சா ஆடுதுறையே திரண்டு வந்துடும்.

— கோவத்துலயும் உனக்கு வாயி.

— இல்ல மாமி, எனக்கு ஒண்ணுதான் புரியல. இந்தத் தலைய இந்த வீட்டுக்குக் கொண்டு வந்த நாள்லேர்ந்து நீங்க தொட்டதில்ல. தொழுவும்போது என்னையே பாக்குதுன்னு துப்பட்டாவப் போட்டு மூடுவீங்க. இத வெச்சிருக்கிற வீட்டுக்கு வானத்துலேர்ந்து மலக்குமார் இறங்கி வருவாங்களான்னு பள்ளிவாசல் ஆலிம்சாட்ட வேற போயிக் கேட்டீங்க. அப்படி இருந்தவங்க நேத்து ராத்திரி நான் தூங்குனதும் இத மடியில வெச்சு எண்ணெய் தேய்ச்சிருக்கீங்க. அதுவும் பரீட்சைக்கு முந்துன நாளு.

— உன் கூட்டாளி இருக்கால்ல, திருவிடைமருதூர்ல பஸ் ஏறுமே ஐயர் வீட்டுப் புள்ள. மாளவிகா. அதுகிட்ட இன்னொரு தலை இருக்கான்னு கேளு.

— பேச்ச மாத்தாதீங்க. அவகிட்ட டம்மியே கெடையாது. அவ சித்தியக் கூட்டிட்டு வர்றா.

— சித்தி எதுக்கு?

— உக்கார வெச்சு வெட்டத்தான். டம்மி இல்லன்னா ஆளக் கூட்டிட்டு வரலாம். நான் யாரக் கூட்டிட்டுப் போவேன்? பக்கத்து வீட்டு ஷமீராவக் கேட்டேன். முடி வெட்டிட்டா மாப்பிள வீட்டுல என்ன சொல்வாங்கன்னு அவங்கம்மா கதவச் சாத்திட்டாங்க.

— அதுவும் சரிதானே.

— எது சரி? மாமி, நெசத்தச் சொல்லுங்க. வேணும்னேதானே ஊத்துனீங்க?

— அடுப்புல பால் இருக்கு, பாத்துட்டு வர்றேன்.

— நான் உங்க மகன்கிட்ட துபாய்க்குப் போயிட்டா உங்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் இல்ல. அதானே?

— ஆமான்னு வெச்சுக்க.

— வெச்சுக்கவா?

— ஆமா. முட்டி வலிக்குது. படியேற முடியல. நீ போயிட்டா இந்த வீட்டுல நான் ஒத்தையாக் கெடக்கணும். போதுமா?

— எப்படி மாமி மனசு வந்துச்சு உங்களுக்கு? கல்யாணமாகி மூணு வருஷம் ஆவுது. நான் உங்க மகன்கூட இருந்தது ரெண்டே லீவுக்குத்தான். கடையில சாமான் எடுத்துக் குடுக்கிற சம்பளத்துக்குப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வர விசா குடுக்க மாட்டாங்களாம். நானா ஒரு வேலைக்குன்னு போனாத்தான் உண்டு. அங்க லேடீஸ் சலூன்ல நிக்கணும்னா படிச்ச சர்டிபிகேட் வேணும், லைசென்ஸ் வேணும். அதுக்காகத்தானே ரெண்டு வருஷமா இந்த பஸ்ஸுல இடிபட்டேன்.

— தெரியும்.

— மயிரு வெட்டுறதெல்லாம் ஒரு படிப்பான்னு தெருவே சிரிச்சுது. என்னப் பெத்த அத்தாவே பேச்ச நிறுத்துனாங்க. அப்பக்கூட, நீங்க ஒருத்தங்கதான் ‘நீ போ புள்ள, நான் பாத்துக்கிறேன்’ன்னு டிபன்பாக்ஸ் கட்டிக் குடுத்தீங்க. அத நெனச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது. மொதல்லயே வேணாம்னு சொல்லியிருந்தா நான் சேந்திருக்கவே மாட்டேனே.

— அழுவாத.

— நான் அழல. கையெல்லாம் எண்ணெய், கண்ணத் தொடைச்சதுல எரியுது. இருங்க, போன எடுக்கிறேன். அவருக்காவது சொல்லிடுறேன்.

— யாருக்கு?

— உங்க மகனுக்குத்தான். பாவம், அவரு வேற அங்க காத்துட்டு இருக்காரு. ரூமெல்லாம் பாத்து வெச்சுட்டாரு.

— ரூமா? ஃபஹத் அப்படியா சொன்னான் உங்கிட்ட?

— ஆமா. நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கிற மாதிரி. ஜன்னல் பக்கம் கட்டில் போடவா, செவத்துப் பக்கம் போடவான்னு கேட்டாரு.

— எப்ப கேட்டான்?

— நேத்து ராத்திரிகூட. நீங்க படுத்ததுக்கப்புறம் போன் வந்துச்சுல்ல, அப்பத்தான். நல்லாப் பண்ணு, உனக்காக துவா செய்யிறேன்னாரு.

— நேத்து ராத்திரி.

— ஆமா. அதுக்கென்ன இப்ப?

— போன கீழ வை.

— ஏன்?

— வைன்னா வை. அந்தக் காலேஜ்ல ஆம்பளைங்க இருப்பாங்களா?

— இல்ல, எல்லாம் லேடீஸ்தான். வாட்ச்மேன் மட்டும் கேட்டுல நிப்பாரு. எதுக்குக் கேக்குறீங்க?

— என் புர்காவ எடு. நான் வர்றேன்.

— நீங்க வந்து மேடம்கிட்ட மன்னிப்புக் கேட்டா மார்க் போட மாட்டாங்க மாமி.

— மன்னிப்புக் கேக்க வரல. உக்கார வர்றேன். என் தலைய வெட்டு.

— என்ன?

— எம்புட்டு வெட்டணும்?

— தோளு வரைக்கும். மாமி, வெளையாடாதீங்க. உங்களுக்கு இடுப்புக்குக் கீழ தொங்குது. உங்க மாமியாரு இறந்த மைய்யத்து வீட்டுலகூட வந்தவங்க இந்த முடியப் பத்திப் பேசுனாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க.

— முக்காட்டுக்குள்ள இருக்கிறது எம்புட்டு நீளம்னு யாரு அளக்கப் போறா. கலரு என்ன கலரு?

— பிரவுன்.

— இந்த நரைக்கா?

— நரையிலதான் கலர் பளிச்சுன்னு காட்டும். எண்ணெய் இல்லையே?

— நேத்து வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளிச்சேன். தொட்டுப் பாரு.

— பாக்கத்தான் போறேன். உங்கள நம்ப முடியாது. இல்ல, சுத்தமாத்தான் இருக்கு. மாமி, எனக்குத் தலையே சுத்துது. ஒரு தலைக்கு விளக்கெண்ணெய ஊத்திட்டு இன்னொரு தலைய நீட்டுறீங்க. நான் போவணும்னு நெனைக்கிறீங்களா, போகக் கூடாதுன்னு நெனைக்கிறீங்களா?

— பஸ் வந்துரும். கத்திரிப் பைய எடுத்துக்க.

— பஸ் போனா போவுது. இதுக்கு பதில் சொல்லாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன்.

— சொன்னா தாங்குவியா?

— சொல்லுங்க.

— நீ போயிட்டா ஒத்தையாக் கெடக்கணுமேன்னு எனக்கு பயம்தான். அது பொய்யில்ல. அதனாலதான் கேட்ட உடனே செஞ்சுட்டேன்.

— கேட்ட உடனேயா? யாரு கேட்டா?

— நேத்துப் பகல்ல நீ காலேஜுக்குப் போயிருந்தப்ப ஃபஹத் போன் பண்ணுனான். ‘அவ பாஸாகிடக் கூடாதும்மா, இங்க வந்துடக் கூடாது, அந்தத் தலைய ஏதாவது பண்ணிடுங்க, தெரியாமப் பண்ணுன மாதிரி இருக்கட்டும்’னான். ஏன்டான்னு கேட்டேன், போன வெச்சுட்டான். நீ பாஸ் பண்ணி அங்க போயி, அவன் முன்னாடி நின்னு கேளு ஹுமைரா. கேட்டுட்டு எனக்கும் சொல்லு.