அத்தானுக்கு மட்டும் சொல்லாதது

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் முகப்பில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்து மூன்று. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் வைக்கோல் பைகளில் சிப்பிக் காளான் வளர்த்துக் கடைகளுக்குப் போடுகிறேன். தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, காளான்காரி என்றால் சின்னப் பிள்ளைகூட வீடு காட்டும். புகார் கொடுத்தவர் என் கூடப்பிறந்த அக்கா. பாதிக்கப்பட்டவர் அவள் கணவர், என் அத்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காளானில் விஷம் வைத்தேன் என்பது என்மேல் உள்ள புகார். ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, ஆகவே இந்தத் தடவையோடு சரி என்பதையும் எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் கேட்டேன். எழுதிக்கொண்டார்.

காளான் வளர்ப்பது எனக்குப் பிழைப்பு, தானாக முளைத்ததைத் தேடிப் போவது ஆசை. அந்த ஆசை பிடித்த இன்னொருவர் எங்கள் தெருத் தபால்காரர். கடிதம் கொடுக்கப் போகிற வழியில் எந்த மரத்தடியில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல்வார், அன்றைக்குக் கடிதங்கள் தாமதமாகும். எங்களுக்குள் இரண்டு கட்டுப்பாடு உண்டு. சமைக்கும்போது ஒரு காளானைப் பச்சையாகத் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் டாக்டரிடம் காட்டலாம். அடுத்தது, இது இன்ன காளான், இதில் இன்ன எச்சரிக்கை என்று பரிமாறுவதற்கு முன் சமைத்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டதும் மரக்கடை வாசலில், வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி, ஒரு கூடை நிறையக் காளான் பறித்தோம். சாம்பல் நிறம், முட்டை வடிவம். வைத்திருந்தால் கறுத்து மையாக உருகிவிடும் என்பதால் நாங்கள் மைக்காளான் என்போம். ருசியானது, விஷம் கிடையாது. ஆனால் அதைச் சாப்பிட்டவர் பிறகு சில நாட்களுக்குக் குடிக்கக்கூடாது. குடித்தால் முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். குடிக்காதவரை ஒன்றும் செய்யாது.

அதன்பிறகு நான் வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி, அக்கா, அத்தான், அவர்கள் மகள், தபால்காரர் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தேன். அத்தான் குடியை விட்டு வருடக்கணக்கில் ஆகிறது என்பது அக்கா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படும் விஷயம். தபால்காரர் வழக்கப்படி, இதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். திருந்தின மனிதரை, அவர் பெற்ற மகள் எதிரில் வைத்துக்கொண்டு குடியைப் பற்றி எச்சரிக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். தபால்காரர் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அத்தான் கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டார்.

அதன்பிறகு யாரோ நண்பரைப் பார்க்க வெளியே போன அத்தான், பொழுது சாயும்போது கழுத்துவரை சிவந்து, வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். வாயில் பழைய காசை வைத்தது போல இருக்கிறது என்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, அத்தான் வாயைத் திறக்குமுன் அக்கா, அவர் தொடுவதே இல்லை என்றாள். டாக்டர் காளானைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் எடுத்துவைத்த காளான் உருகி, தாள் நனைந்து, கறுப்புத் தண்ணீராகத் தக்காளிமேல் ஒழுகியிருந்தது. அதையே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடித்தால்தான் இப்படி ஆகும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஏதோ ஒரு நாள் சறுக்கிவிட்டார், பட்டதே போதும் என்று நினைத்தேன். மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, வேனை எடுக்கப் போன இடத்தில் அத்தானுக்குத் திரும்பவும் அதே சிவப்பு, அதே படபடப்பு, அதே வாந்தி. இடையில் அவர் காளான் எதுவும் சாப்பிடவில்லை. அன்றைக்கு வேறு ஆள் வேன் ஓட்டினார். விஷம் இன்னும் உடம்பில் நிற்கிறது என்று பயந்து அக்கா புகார் கொடுத்தாள். அன்று மாலையே என் கொட்டகைக்கு சீல் வைத்தார்கள். உள்ளே பைகளில் காளான் விரிந்து, பறிக்க ஆளில்லாமல் அழுகிக்கொண்டிருக்கும். வாடை வெளியிலேயே வருகிறது.

அதன்பிறகு நேற்று அக்காவை வரச்சொல்லி, மைக்காளான் விவரத்தைச் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அடையவில்லை. துடைத்து வைத்த தட்டையே எடுத்துத் திரும்பத் துடைத்தாள். "காலைல கொஞ்சம் போட்டுப்பார்டி. கை நடுங்காம இருக்கத்தான். வண்டியெல்லாம் நல்லாத்தான் ஓட்டுவார்" என்றாள். பிறகு, "நீ காளான்மேலயே பழிய போட்டுடு. தெரியாம பறிச்சுட்டேன்னு சொல்லு, நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன். உன் ஷெட்டு போனா வேற போட்டுக்கலாம். அவருக்கு இந்த வேலை போனா எவன் தருவான்?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, அவளைப் பார்க்கவே அயர்ச்சியாக இருந்தது. சரி என்றேன். அப்படிச் சொல்வதற்காகத்தான் இன்று காலை அவளோடு சேர்ந்து இங்கே வரக் கிளம்பினேன்.

வரும் வழியில் பள்ளிக்கூட வேன் எங்களைக் கடந்து போனது. அத்தான்தான் ஓட்டினார், வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று அக்கா சொல்லியிருக்கவில்லை. முகம் சிவந்திருக்கவில்லை, காளானின் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது, இனி அவர் குடித்தாலும் யாருக்கும் தெரியாது. முன் சீட்டில் அக்கா மகள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். பின்னால் அடைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகள். அக்கா திரும்பக் கையாட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

ஆகவே சொல்கிறேன், காளானில் விஷம் இல்லை. எச்சரிக்கையைச் சொல்லவிடாமல் தடுத்தது நான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவர வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு உடனே தகவல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும் மட்டுமே. சொல்லிக்கொடுத்ததை நான் சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன் முழுவதும் படித்துக்காட்ட வேண்டும் என்று அதிகாரி கூறி, வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருப்பதால் கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், திறந்தே இருக்கட்டும், கொஞ்சம் சத்தமாகவே படியுங்கள் என்றேன். படித்துக்காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)