மீன் வெளிய வருதா?

— அசையாம பிடிங்கன்னா... கை ஏன் இப்படி ஊஞ்சல் ஆடுது? முகத்துக்கு நேரா. ஒரு முழம் தள்ளி.

— நேராத்தாம்மா பிடிச்சிருக்கேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஸ்டியரிங்கைக்கூட இவ்வளவு பயபக்தியா பிடிச்சதில்ல.

— ஒரு பஸ் டிரைவர் பொண்டாட்டிகிட்ட சொல்ற பேச்சா இது? சரி, மீன் தெரியுதா?

— தெரியுது. ஆரஞ்சு கலர்ல ஒண்ணு. பக்கத்துல கோடு போட்டது ஒண்ணு.

— கண்ணுக்குக் கண்ணாடி கிண்ணாடி எதுவும் வேணாம். வெறுங்கண்ணுல பார்த்தாலே மீன் திரையை விட்டு வெளிய வர்ற மாதிரி இருக்கும். நான் வேலை பார்க்கிற கடையில இந்த வீடியோ டப்பா புதுசா வந்து இறங்கியிருக்கு. ஓனர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். நாளைக்குக் காலையில திருப்பிக் கொடுக்கணும்.

— உள்ளங்கை அகலம்கூட இல்ல... இந்த டப்பாவுக்கு ஒரு கெஞ்சலா?

— பாட்டு, படம் எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. போற இடத்துக்கெல்லாம் எடுத்துட்டுப் போகலாம். பேச்சை மாத்தாதீங்க. மீன் வெளிய வருதா?

— ம்... வருது வருது. அடேயப்பா!

— நிஜமாவா?

— மூக்கு நுனி வரைக்கும் வந்து வாலை ஆட்டிட்டுப் போகுது பாரேன். கையை நீட்டினா பிடிச்சிடலாம் போல... என்ன, எதுக்குச் சிரிக்கிற?

— ஒண்ணுமில்ல. ஓரத்துல ஒரு சின்ன பொத்தான் இருக்கு பாருங்க. அதைத் தள்ளினாத்தான் மீன் வெளிய வரும். நான் இன்னும் தள்ளவே இல்ல. இப்ப ஓடறது சாதா படம். மூக்கு நுனிக்கு வந்த மீன் எங்க போச்சு?

— அது... நீ ஆசையா கொண்டு வந்தியே, உன் மனசு நோகக்கூடாதேன்னு...

— ஆகா! நான் எடுத்துக் கொடுத்த சட்டை எதையாவது என் மனசு நோகாம போட்டிருக்கீங்களா நீங்க?

— அந்தப் பச்சை சட்டையை நீ இன்னும் விடலையா? அதைப் போட்டுட்டு நின்னா என்னையே தோட்டத்துல நட்டுடுவாங்க.

— சட்டைக்கு அப்புறம் வரேன். இதோ, பொத்தானைத் தள்ளிட்டேன். இப்ப பாருங்க.

— ம்.

— என்ன ம்?

— அப்படியேதான் இருக்கு. மிஷின்ல கோளாறு.

— குடுங்க இப்படி... எனக்கு நல்லா வருதே! செடி முன்னாடி, பாறை பின்னாடி, நடுவுல புகுந்து புகுந்து மீன் ஓடுது.

— லைட் மேல அடிக்குது. அதான் எனக்குத் தெரியல.

— லைட்டை அணைச்சாச்சு. பாருங்க.

— ஃபேன் காத்துல கை ஆடுது.

— ஃபேன் காத்துல ஆடறதுக்கு அது கையா, கர்ட்டனா? குடுங்க, நானே பிடிக்கிறேன். இப்ப சொல்லுங்க, எது முன்னாடி நிக்குது? பாறையா, செடியா?

— பாறை.

— இப்பத்தானே நான் சொன்னேன், செடின்னு!

— செடின்னுதான் சொல்ல வந்தேன்... வாய் தவறிடுச்சு.

— இங்க பாருங்க, இந்தத் திரை ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம் காட்டுது. இடது கண்ணுக்கு ஒண்ணு, வலது கண்ணுக்கு ஒண்ணு. ரெண்டும் மண்டைக்குள்ள ஒண்ணாச் சேர்ந்தாத்தான் மீன் வெளிய வரும். ஒரு கண்ணு ஒத்துழைக்கலைன்னா எல்லாம் தட்டையாத்தான் இருக்கும்.

— கடையில நீ வியாபாரம் பண்றியா, பாடம் நடத்தறியா?

— ஒரு கஸ்டமர் வந்தார். எத்தனை தடவை காட்டியும் அவருக்கு மீன் வரல. அப்புறம்தான் ஒரு கண்ணுல பார்வை கம்மின்னு சொன்னார். சரி, லைட்டைப் போட்டாச்சு. கொஞ்சம் இப்படித் திரும்புங்க.

— ஏய், எதுக்கு என் கண்ணைப் பொத்தற? கையெல்லாம் வெங்காய வாடை...

— வாடையை அப்புறம் பார்த்துக்கலாம். வலது கண்ணு மூடியிருக்கு. இடது கண்ணால சுவர்ல இருக்கிற காலண்டரைப் பாருங்க. என்ன படம்?

— ...மலை.

— போன மாசம் மலை. இந்த மாசம் என்ன? சரி, காலண்டர் வேணாம். என் முகத்தைப் பாருங்க. என்ன தெரியுது?

— கையை எடும்மா.

— சொல்லுங்க.

— பால் பூசின கண்ணாடி வழியா பார்க்கிற மாதிரி இருக்கு. நீ இருக்கேன்னு தெரியுது. மூக்கு எங்க, வாய் எங்கன்னு... தெரியல. ஏய்... என்ன, மூக்கை உறிஞ்சற? அழறியா?

— தெரியலதானே? அப்ப அழலைன்னு வெச்சுக்குங்க.

— அட, கையை எடு முதல்ல. ஒண்ணும் ஆகல எனக்கு.

— நீங்க டீயைக் கப்புக்குப் பக்கத்துல ஊத்தினப்பவே நினைச்சேன்.

— பார்த்துட்டா சும்மா இருந்த?

— மேஜையைத் துடைச்சது யாராம்? அது போகட்டும்... இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா அத்தனை ஜனத்தையும் ஏத்திட்டுப் போறீங்க?

— ஏத்திட்டுப் போகல.

— என்னது?

— ஒரு மாசமா நான் பஸ்ஸே ஓட்டல. அன்னைக்கு டெப்போவுக்குள்ள வண்டியை விடறேன். இடது பக்கம் தாராளமா இடம் இருக்குன்னுதான் தோணிச்சு. டமார்னு ஒரு சத்தம். கேட் தூண்ல மோதி, பக்கத்துக் கண்ணாடி உடைஞ்சு தொங்குது. உள்ள ஆள் யாருமில்ல. கீழ இறங்கிப் பார்த்தேன்...

— உங்களுக்கு அடி?

— இல்லல்ல. நின்னு அந்தத் தூணையே பார்த்துட்டு இருந்தேன். அந்த இடத்துல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு பையை மாட்டிட்டு நின்னிருந்தா... அப்படி நினைச்சதும் நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். சாவியை மேஜை மேல வெச்சேன். என் கண்ணுல என்னமோ கோளாறு சார், சரியாகாம ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன்.

— திட்டினாரா?

— உடைஞ்ச கண்ணாடிக்குக் கொஞ்ச நேரம் திட்டினார். அப்புறம் டீ வரவழைச்சுக் கொடுத்தார். நீயா வந்து சொன்னியே, அதுவே பெருசுய்யான்னு சொல்லிட்டு, ஆஸ்பத்திரிக்கு அவர்தான் போன் போட்டார்.

— டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காம சொல்லுங்க.

— கண்புரை. நல்லா முத்திடுச்சாம். அதை எடுத்துட்டு உள்ள ஒரு லென்ஸ் வெச்சா பழையபடி தெரியுமாம். காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். வர்ற வெள்ளிக்கிழமை.

— வெள்ளிக்கிழமை வெளியூர் டிரிப் இருக்குன்னு சொன்னீங்க!

— அந்த டிரிப்தான் இது.

— கண்ணுல கட்டோட வந்து நின்னா நான் என்னன்னு நினைப்பேன்?

— தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லலாம்னு...

— எவ்வளவு பெரிய தூசி! லாரி லோடா?

— யோசிச்சேன், வேற எதுவும் தோணல.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— எனக்கு ஒரு பல்லு பிடுங்கினதுக்கே ஆஸ்பத்திரி வராண்டாவுல மயங்கி விழுந்தவ நீ. டாக்டர் என்னை அப்படியே விட்டுட்டு உன்னைப் பார்க்க ஓடினார். கண்ணுல கத்தின்னா நீ என்ன ஆவ?

— அன்னைக்கு நான் காலையில சாப்பிடல.

— ஆமாமா... சாப்பிடல.

— சரி, ஓட்டறது இல்லைன்னா தினமும் யூனிஃபார்மை மாட்டிட்டு எங்க போறீங்க?

— பஸ் ஸ்டாண்டுக்கு. மைக் ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. எந்த பஸ் எங்க நிக்குது, எப்ப கிளம்புதுன்னு சொல்லணும். சுத்தற நாற்காலி, தலைக்கு மேல ஃபேன், நேரத்துக்கு டீ. ராஜ வாழ்க்கை.

— பிடிச்சிருக்கா?

— பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா... ஒவ்வொரு வண்டியா கிளம்பிப் போறப்ப வலது கால் தானா ஆக்ஸிலேட்டரைத் தேடுது. கண்ணு தேறி, டெஸ்டும் பாஸ் ஆயிட்டா என் வண்டியை எனக்கே கொடுத்துடறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார்.

— வெள்ளிக்கிழமை நானும் வருவேன்.

— வேணாம்மா...

— வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வருவேன். மயங்க மாட்டேன்.

— சரி. வா. ...ஒரு மாசமா உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். கோபமே வரலையா உனக்கு? மைக் ரூம்னு சொன்னப்பக்கூட முகத்துல ஒரு அதிர்ச்சியும் இல்லையே... வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு, பார்த்துட்டுத்தான் இருந்தேன்.

— கடைக்குச் சரக்கு எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தேங்க, போன வாரம். தலைக்கு மேல ஸ்பீக்கர்ல உங்க குரல். 'அன்பான பயணிகளே, பொறுமையா ஏறுங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு'ன்னு. ஏன் அங்க இருக்கீங்கன்னு தெரியாம ஒரு வாரமா மனசு கிடந்து தவிச்சது. கண்ணுதான் காரணமோன்னு ஒரு சந்தேகம், அதை உங்க வாயாலயே வரவழைக்கணும்னுதான் இந்த டப்பாவுக்கு அப்படிக் கெஞ்சினேன். ஆனா அன்னைக்கு... வீட்டுல ஒரு நாளாவது என்கிட்ட இப்படிக் குழைஞ்சு பேசியிருக்காரா இந்த மனுஷன்னு பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். நான் ஏற வேண்டிய பஸ்ஸைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கீங்க... அது போயே போச்சு.