அந்தக் கொடி வேறு, இந்தக் கொடி வேறு

கர்ப்பிணிகள் பிரிவின் பெரிய சிஸ்டர் அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் பணிபுரிந்தோர் படித்தளிக்கும் மடல்

அன்பும் அதட்டலும் அளவாகக் கலந்த எங்கள் பெரிய சிஸ்டர் அவர்களே! அடுத்தவர் வயிற்றில் கை வைக்கும் முன் தம் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்பவரே! எடை எந்திரத்தில் ஏறத் தயங்குகிறவரிடம், "செருப்பைக் கழட்டும்மா, கவலையையும் அங்கேயே கழட்டிடு" என்பவரே! விடை தெரியாதபோது தெரியாது என்று சொன்னவரே! வணக்கம்.

இந்த மடலின் முதல் படி வேறு விதமாகத் தொடங்கியது. "பிழையே அறியாத பேரன்னையே, பொய்மை இருள் போக்க வந்த பொற்சுடரே" என்று எழுதியிருந்தோம். ஒத்திகை பார்த்தபோது நீங்கள் மருந்தறைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டீர்கள். "பிழையே அறியாதவளா? நானா? அது கதை, எடுத்துடுங்க. பொற்சுடர் வேறயா? கரண்ட் போனா என்னையவா கொளுத்துவீங்க?" என்றீர்கள். எடுத்துவிட்டோம். எஞ்சியிருப்பவை உங்கள் பலகையில் நிற்கக்கூடியவை மட்டுமே.

அந்தப் பலகை எடை எந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் முப்பத்தோரு ஆண்டுப் பணியில் இருபத்து நான்கு ஆண்டுகளை அது பார்த்திருக்கிறது. அதில் மூன்று கட்டங்கள். மெய். கதை. கேட்டுச் சொல்கிறேன். கர்ப்பிணிகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு பேச்சையும் சாக்பீஸால் ஒரு கட்டத்தில் எழுதினீர்கள். "இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்" கதைக்குப் போனது. "புகை பிடிப்பவர் பக்கத்தில் இருக்கக் கூடாது" மெய்க்குப் போனது. மூன்றாவது கட்டத்தில் எழுதியதை நீங்கள் மறந்ததில்லை. டாக்டரைக் கேட்டு, புத்தகத்தைப் பார்த்து, அடுத்த முறை அந்தப் பெண் வரும்போது பதில் சொல்லி, அதன் பிறகே அழித்தீர்கள்.

வயிற்றைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார் நம் வாட்ச்மேன் அண்ணன். கூர்மையான வயிறென்றால் பையன், பரந்த வயிறென்றால் பெண். நீங்கள் அவரைத் திட்டவில்லை. ஓராண்டு முழுக்க, அவர் சொன்னதையும் பிறந்ததையும் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்தீர்கள். ஆண்டு முடிவில் நோட்டை அவர் முன் விரித்தீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று நான்கு சரி. "அண்ணே, காசைச் சுண்டிவிட்டாலும் இவ்வளவு வரும்" என்றீர்கள். அண்ணன் அசரவில்லை. அன்று முதல் யார் கேட்டாலும், "பையன்தான்மா. இல்லேன்னா பொண்ணு" என்கிறார். இதுவரை ஒரு முறைகூடத் தவறவில்லை.

உங்கள் பிழையையும் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறோம். நெஞ்செரிச்சல் அதிகம் இருந்தால் குழந்தைக்கு முடி அதிகம் என்ற பேச்சு, ஒன்பது ஆண்டு கதைக் கட்டத்தில் இருந்தது. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், அதில் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று சொல்லும் சிறிய ஆய்வொன்றைக் காட்டினார். இரண்டு முறை படித்தீர்கள். ஈரத்துணியை எடுத்து, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க அந்த வரியை அழித்து, மூன்றாவது கட்டத்தில் எழுதினீர்கள். பிறகு வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் போய், "உங்க மாமியார் சொன்னதுல ஏதோ இருக்கலாமாம். போன தடவை நான் அவசரப்பட்டுச் சிரிச்சிட்டேன். நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிடு" என்றீர்கள். அந்த மாமியார் மறுநாளே வந்து, பலகையை நேரில் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு வரி மட்டும் சிவப்புச் சாக்பீஸில் இருக்கிறது. "கடைசி மாதத்தில் இடம் போதாமல் அசைவு குறையும்." கதைக் கட்டம். அதன் கீழே: "குறைந்தால் காத்திருக்காதே. உடனே வா." அதைப் படித்தவர்கள் வந்தார்கள். பலர் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி திரும்பினார்கள். சிலர் இங்கிருந்து நேராகப் பிரசவ அறைக்குப் போனார்கள். "வீணா வந்துட்டேன் சிஸ்டர்" என்று ஒருத்தி கூசியபோது, "வீணா வர்றவங்களுக்காகத்தான் இந்த நாற்காலியே போட்டிருக்கு, உக்காரு" என்றீர்கள்.

இனிச் சொல்லப்போவது எங்கள் பதிவு மேசைத் தங்கையைப் பற்றியது. அவர் சம்மதத்தோடுதான் எழுதினோம். தயங்கிக் கேட்டபோது, "அத எழுதாம வேற என்னத்த எழுதப் போறீங்க?" என்றார்.

ஐந்து ஆண்டுக்கு முன், எட்டாம் மாதத்தில், அவருடைய முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அதன் பிறகு மேல் அடுக்கில் இருந்த ஃபைல்களை அவர் எடுக்கவில்லை. யாரையாவது எடுத்துத் தரச் சொல்வார். தலைமுடியைக் குனிந்தே முடிவார். நாங்கள் தோள்வலி என்று நினைத்தோம். தைலம்கூட வாங்கித் தந்தோம்.

நீங்கள் தைலம் தரவில்லை. ஒரு மதியம், வரிசை முடிந்த பிறகு, அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "கைக்கு என்னம்மா?" என்று கேட்டீர்கள்.

"கைய தூக்கிட்டேன் சிஸ்டர்" என்றார் அவர்.

"எப்போ?"

"அப்போ. கொடியில துணி காயப்போட்டேன். எட்டிப் போட்டேன். அதனாலதான் கொடி சுத்திக்கிச்சுன்னு வீட்டுல சொன்னாங்க."

அவர் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். "அந்தக் கொடி வேற, இந்தக் கொடி வேற. பேரு மட்டும்தான் ஒண்ணு. உன் கைக்கும் அதுக்கும் நடுவுல கயிறா கட்டியிருக்கு?" என்றீர்கள். குழந்தை தண்ணீருக்குள் புரண்டு திரும்பும்போது கொடி தானாகவே சுற்றிக்கொள்ளும், ஏறத்தாழ நான்கு பிரசவத்தில் ஒன்றில் அப்படி இருக்கும், பெரும்பாலும் எதுவும் ஆகாது என்றீர்கள்.

"அப்போ என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்."

பதினோரு நாள் கேட்டீர்கள். அவர் பிரசவித்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய தாள்களை வாங்கி வந்தீர்கள். இரண்டு டாக்டர்களிடம் காட்டினீர்கள். பன்னிரண்டாம் நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "காரணம் யாருக்கும் தெரியலம்மா. உன் கை இல்லேன்றது மட்டும் தெரியும்" என்றீர்கள். அவர் அன்று அழுதார். மேசைமேல் இருந்த சீட்டுகளெல்லாம் நனைந்தன. நாங்கள் வேறு சீட்டு எழுதிக்கொண்டோம்.

அத்தோடு விட்டீர்களா? சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லி அவருடைய மாமியாரை வரவழைத்தீர்கள். ஊசி குத்தியபடியே விசாரித்தீர்கள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"அஞ்சு."

"மாசமா இருக்கும்போது துணியெல்லாம் யாரு காயப்போட்டா?"

"நல்லா கேட்டே போ! என் வீட்டுத் துணிய நான் போடாம, பக்கத்து வீட்டுக்காரியா வந்து போடுவா?"

நீங்கள் பஞ்சை அழுத்திப் பிடித்தீர்கள். அந்த அம்மா பஞ்சையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து பதிவு மேசைக்குப் போனவர், மருமகள் பக்கத்தில் நின்று, "வீட்டுக்குப் போலாமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"ஏன்?" என்ற அந்தத் தங்கையின் கேள்வி இன்னும் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. நீங்கள் அதை அழிக்கவில்லை. நாங்களும் அழிக்க மாட்டோம். டாக்டர் யார் வந்தாலும் கேட்போம்.

இப்போது அவருக்கு ஏழாம் மாதம். தெரிந்ததெல்லாம் தெரிந்தும், பயம் திரும்ப வந்துவிட்டது. மேல் அடுக்கு ஃபைல்கள் மூன்றாம் மாதமே கீழே இறங்கிவிட்டன. நீங்கள் பார்த்தீர்கள். அவசரப்படுத்தவில்லை. தினமும் அவர் பக்கத்தில் நின்று, நீங்களே கையைத் தூக்கிச் சோம்பல் முறித்துவிட்டுப் போனீர்கள்.

போன வாரம், இந்த மடலைச் சட்டம் போட்டுப் பலகைக்கு மேலே மாட்ட வேண்டும், யார் மாட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். பதிவு மேசையிலிருந்து குரல் வந்தது. "நான் மாட்டுறேன்."

நீங்கள் உடனே சொன்னீர்கள்: "தாராளமா மாட்டு. கை தூக்கலாம். ஸ்டூல்ல ஏறக் கூடாது. விழுந்தா அடிபடும், அது மெய்."

அதனால் ஆணியைக் கீழே இறக்கி, பலகைக்குப் பக்கத்தில் அடித்திருக்கிறோம். இந்தச் சுவரில் உள்ள மற்ற படங்களைவிட இது ஒரு முழம் தாழ்வாகத் தொங்கும். பின்னால் வருகிறவர்கள் இது மட்டும் தாழ்ந்திருக்கிறதே என்று கேட்பார்கள். காரணம் சொல்வோம்.

சிஸ்டர், நூறாண்டு வாழ்க என்று எழுதினால் அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே இப்படி வாழ்த்துகிறோம். உங்கள் முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கட்டும். ஊரார் வயிற்றில் வைக்கும் முன் தேய்த்துச் சூடாக்கிய உங்கள் கைகள் என்றும் சூடாகவே இருக்கட்டும். வீணாகவாவது அவ்வப்போது இங்கு வாருங்கள். நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.

மடல் முடிந்தது. தங்கை எழுந்து வருகிறார், வழி விடுங்கள். முன்வரிசையில் அவருடைய மாமியாரும் இருக்கிறார். சட்டத்தைத் தங்கையின் கையில் கொடுக்கிறோம். தரையில் நின்றபடியே மாட்டுவார்.

எல்லோரும் அவர் கைகளைப் பாருங்கள்.

நன்றியோடும் அன்போடும்,
டாக்டர்கள், சிஸ்டர்கள், மருந்தறை, துப்புரவுப் பணியாளர்கள், பதிவு மேசை,
பையன் அல்லது பெண் என்று உறுதியாகச் சொல்லும் வாட்ச்மேன்